எஃகா, அலுமினியமா

டெல்மரை அலுமினியத்துக்கு மாற்றியே தீருவது என்று ரோவீனா முடிவு கட்டிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதனை அவளால் எதிலும் மாற்ற முடிந்ததில்லை, காப்பிப் பொடி உட்பட. ஆனால் போன வருஷம் அவனுக்கு நெஞ்சில் அடைப்பு எடுத்து ஸ்டென்ட் வைத்ததிலிருந்து அவளுக்குள் ஒரு பயம் குடியேறிவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் வடக்கு ஃப்ளோரிடாவின் ஊற்றுக் குகைகளில் சேர்ந்தே முங்குகிறவர்கள். முதுகில் எஃகுத் தகடு, அதன்மேல் மூச்சுக்காற்று அடைத்த இரட்டை எஃகு சிலிண்டர், இரண்டுக்கும் நடுவே குதிரை லாட வடிவில் ஒரு காற்றுப்பை. அந்தப் பையை விங் என்பார்கள். அதில் காற்று ஏற்றினால்தான் இத்தனை பாரமும் மிதக்கும். அது கிழிந்து, இவன் நெஞ்சும் ஒத்துழைக்காமல், கீழேயே தங்கிவிட்டால்? டாக்டர் முங்கலாம் என்று சொல்லிவிட்டார். டாக்டருக்கென்ன, அவரா கூட இறங்கப்போகிறார்.

ஆகவே சனிக்கிழமை காலை அவனை மேவிஸின் முங்குசாமான் கடைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். அந்த வட்டாரத்தில் முங்குகிறவர்களின் முதுகு அளவெல்லாம் மேவிஸுக்கு மனப்பாடம். வயதில் மூத்தவள், வாயிலும் மூத்தவள். அவள் ஒரு அலுமினியத் தகட்டைக் கல்லாமேல் வைத்தாள்.

டெல்மர் அதை விரலால் சுண்டிப் பார்த்தான். "இதுல மீனைச் சுத்தி அடுப்புல வைக்கலாம். முதுகுலயா மாட்டுவாங்க?"

"பாதி எடைதான் ராசா. படியேறும்போது தெரியும்," என்றாள் மேவிஸ். "இதோட ஒத்தை சிலிண்டர், சின்ன விங். போதும் உனக்கு."

"ஒத்தை சிலிண்டர வச்சுக்கிட்டு குகை வாசல்ல நின்னு எட்டிப் பாக்கறதா? நான் உள்ள போற ஆளு, மேவிஸக்கா. வேணும்னா இன்னும் பெரிய விங்கா குடுங்க. அது எதையும் தூக்கும்."

"அது கிழிஞ்சா அப்புறம் எது தூக்கும்? உன் காலுதான் தூக்கணும்."

"என் காலு தூக்கும்."

"எங்க, தூக்கிக் காட்டு," என்றாள் ரோவீனா.

இந்தப் பேச்சு அங்கே எப்போதும் ஊற்றில் ஒரு சோதனையில் போய்த்தான் முடியும். சிலிண்டர் நிறையக் காற்று, விங்கில் சொட்டுக் காற்று கிடையாது. ஆழம் குறைந்த இடத்தில் அடி மணலில் முழங்காலிட்டு, துடுப்புக் காலை அடித்தே மேலே வர வேண்டும். வந்தால் அந்தப் பாரம் உனக்கு ஆகும். வராவிட்டால் ஆகாது. யாரும் இதில் எதிர்வாதம் பேசுவதில்லை.

"நான் வந்துட்டா இந்தப் பேச்சை இத்தோட விடணும்," என்றான் டெல்மர்.

"வரலைன்னா அலுமினியம்."

"சரி. ஆனா நீயும் பண்ணணும். ஜோடின்னா ரெண்டு பேரும்தான்."

"பண்ணிட்டாப் போச்சு," என்றாள் ரோவீனா. அவளும் இருபது வருஷமாக எஃகுதான். தன்னைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை.

ஹெஃபர் ஊற்றின் மரப்படிகளில் டெல்மர் மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கினான். ரோவீனா அதைக் கவனித்து மனசுக்குள் குறித்துக்கொண்டாள். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. முதலில் அவன் போனான். மணலில் முழங்காலிட்டு, விங்கைப் பிழிந்து காலி செய்தான். பிறகு அடித்தான். மணல் புகைந்தது. பாவி மனிதன், பன்றி மாதிரி சேற்றைக் கிளப்பிக்கொண்டு, அங்குலம் அங்குலமாக, ஆனாலும் மேலே வந்துவிட்டான். ரோவீனாவுக்கு ஏமாற்றமாகவும் இருந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததில் அவளுக்கு எரிச்சல்.

அடுத்து அவள். மணலில் மண்டியிட்டு, விங்கைக் காலி செய்துவிட்டு, சாதாரணமாக ஒரு அடி அடித்தாள். எழும்பவில்லை. பலமாக அடித்தாள். முழங்கால் மணலைவிட்டு ஒரு சாண் எழும்பித் திரும்ப உட்கார்ந்தது. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. தொடை எரிய எரிய அடித்தாள். மேலே வெளிச்சம் அப்படியே இருந்தது, கிட்டே வரவே இல்லை. விங்கில் காற்று ஏற்றும் பொத்தான் இடது தோளில் கைக்கெட்டும் தூரத்தில்தான் தொங்கியது. ஒரு அழுத்து அழுத்தினால் போதும். அவள் அழுத்தவில்லை. அழுத்தினால் தோற்றதாகிவிடும் என்ற வீம்பு.

டெல்மர் இறங்கி வந்து எதிரே மண்டியிட்டான். சிறிது நேரம் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனே அந்தப் பொத்தானை எடுத்து மெல்ல அழுத்தினான். இருவரும் ஒன்றாக மேலே வந்தார்கள்.

அவன் கிண்டல் செய்வான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். மேவிஸ் கடை வரைக்கும், ஊர் வரைக்கும் இது போகும் என்று நினைத்தாள். அவன் அவளுடைய இடுப்புப் பட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். பட்டைக்கும் வயிற்றுக்கும் நடுவே அவன் முஷ்டி முழுசாகப் போனது.

"எப்ப இவ்வளவு இளைச்ச?"

"தெரியல."

"எனக்கு ஆபரேஷன் ஆனப்பவா?"

அவள் குனிந்து தொளதொளத்த பட்டையைப் பார்த்தாள். உடம்பை மிதக்கவைக்கிற கொழுப்பெல்லாம் போய்விட்டது, காலில் இருந்த பலமும் போய்விட்டது. அதே பழைய பாரத்தைப் பழக்கதோஷத்தில் மாட்டிக்கொண்டு குகைக்குள் போய்வந்திருக்கிறாள். இத்தனை நாள் இவன் கீழே தங்கிவிடுவான் என்று நடுங்கினாளே, தங்கியிருக்க வேண்டியவள் அவள்தான்.

"நான் பாக்கவே இல்ல, ரோவீ," என்றான் அவன். "கூடவே இருந்தும் பாக்கல."

இருவரும் கடைக்குத் திரும்பினார்கள். மேவிஸ் அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு டெல்மரிடம்தான் கேட்டாள். "என்ன, மூழ்கிட்டியா?"

"வந்துட்டேன்," என்றான் டெல்மர். "ரெண்டு அலுமினியம் எடுங்க. ரெண்டு சின்ன விங், ஆளுக்கு ஒத்தை சிலிண்டர். அவளுக்குப் பட்டையெல்லாம் புதுசா அளவெடுத்துப் போடணும்."

"அவளுக்கு ஒண்ணு, சரி. நீதான் வந்துட்டியே, உனக்கெதுக்கு? ஒத்தை சிலிண்டர வச்சுக்கிட்டு உள்ள போக முடியாதுன்னு காலைல அந்தக் குதி குதிச்ச."

"நான் ஒருத்தன் மேல வர்றதுக்குள்ளயே நாக்கு தள்ளிடுச்சு. அவளையும் தூக்கிட்டு வரணும்னா கால்ல கொஞ்சம் மிச்சம் இருக்கணும்ல."

மேவிஸ் தகடுகளை எடுக்க உள்ளே போனாள். ரோவீனா கடையில் நின்றவர்கள் முன்னாலேயே அழுதாள். டெல்மர் அவள் இடுப்பைக் கையால் சுற்றிப் பார்த்து, பட்டை எவ்வளவு வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.