முகவீணையை முழுங்கிய ஃபேன்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று துருகம் ரோட்டில் எல்லோருக்கும் தெரியும். கள்ளக்குறிச்சியில் பதினோரு வருஷமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "மெக்கானிக் இல்லியாம்மா?" என்று என்னிடமே கேட்டவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். ராஜாங்கம் ஐயா அப்படிக் கேட்கவில்லை. கச்சிராயபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்தவர், மகன் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரைக் கோணிப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பாப்பா, சத்தமே போடாத கம்ப்யூட்டரு ஒண்ணு கட்டித் தர முடியுமா?"

"சத்தம் கம்மியா இருந்தா போதுமா, இருக்கவே கூடாதா?"

"இருக்கவே கூடாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. இவருக்கு வயது அறுபத்தாறு, கரும்பு விவசாயம். எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் கேட்டு வருகிறவர்கள் வேகம் கேட்பார்கள், கலர் லைட் கேட்பார்கள். சத்தம் வேண்டாம் என்று கேட்டு வந்தவர் இவர் ஒருத்தர்தான்.

விஷயம் இதுதான். இவர்கள் ஊர்த் திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்து நடக்கும். மகன் வாங்கிக் கொடுத்த கேமராவில் பன்னிரண்டு வருஷக் கூத்தையும் இவரே பிடித்து வைத்திருக்கிறார். வீட்டுக் கூடத்தில் பெரிய டிவி, ஆளுயர ஸ்பீக்கர் ரெண்டு. அந்தப் பழைய ஃபைல்களை டிவி தானாகத் திறக்காது, நடுவில் கம்ப்யூட்டர் வேண்டும். அந்தக் கம்ப்யூட்டர்மேல்தான் இவருக்கு ஆத்திரம்.

"இதோட ஃபேன் சத்தம் முகவீணைய முழுங்கிடுது பாப்பா. மிருதங்கம் கேக்குது, வேஷக்காரன் பாட்டு கேக்குது. முகவீணை மட்டும் வர மாட்டேங்குது."

முகவீணை என்பது பார்ப்பதற்கு நாதஸ்வரத்தின் கடைக்குட்டித் தங்கச்சி போல இருக்கும். முழ நீளம்கூட இருக்காது. ஆனால் ஊதினால் மூணு தெரு தாண்டித் தூங்குகிறவனையும் எழுப்பிவிடும். அதை ஒரு ஃபேன் முழுங்குமா? பழைய பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். தூசி அடைத்து ஃபேன் உறுமத்தான் செய்தது. இருந்தாலும் அந்தக் கேள்வி மண்டைக்குள் குடைய ஆரம்பித்துவிட்டது. வேலையை ஒத்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டரில் சத்தம் போடுவது ஒரு ஃபேன் மட்டுமில்லை. பிராசஸர் தலைமேல் ஒன்று, பவர் சப்ளைக்குள் ஒன்று, கேபினட்டின் முதுகில் ஒன்று. ஹார்ட் டிஸ்க் தன் பங்குக்குக் கிர்ர் என்னும். இத்தனை ஃபேனும் எதற்கு? சூட்டை வெளியே தள்ள. சூடு எதனால் வருகிறது? பிராசஸர் மாங்கு மாங்கென்று உழைப்பதால். கூத்து பார்க்க அவ்வளவு உழைப்பு எதற்கு என்று யோசித்தேன். ஒரு சின்ன எல்இடி பல்ப் அளவு கரண்டில் ஓடும் பிராசஸரே தாராளம்.

முதலில் ஒரு சமாதானத்துக்குப் போனேன். உள்ளங்கை அகலத்தில் ஒரே ஒரு ஃபேன், மெதுவாகச் சுற்றுவது. அடுத்த வாரம் அவர் வந்தபோது போட்டுக் காட்டினேன்.

"சுத்துதே" என்றார்.

"சுத்துது ஐயா. ஆனா சத்தம் கேக்குதா?"

அவர் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். "சுத்துனா சத்தம் வராம இருக்குமா? எடுத்துடு பாப்பா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. காதால் கேளுங்கள் என்றால் கண்ணால் பார்க்கிறார் மனுஷர்! "பார்க்காதீங்க, திரும்பி நின்னு கேளுங்க" என்றேன். அவர் திரும்பவில்லை. "வேணாம்னா வுட்டுடேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சரி, நீயா நானா பார்த்துவிடலாம் என்று நானும் இறங்கிவிட்டேன். சுற்றுகிற பாகம் ஒன்றுகூட இல்லாத பெட்டி. கனத்த அலுமினிய கேபினட், இரண்டு பக்கமும் சீப்புப் பற்கள் மாதிரி மடிப்பு. பிராசஸரின் சூடு நேராக அந்த அலுமினியத்துக்கு ஏறிக் காற்றில் கரைந்துவிடும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி, அதற்குள் சுற்றுகிற தட்டு கிடையாது. பவர் சப்ளையைத் தூக்கிவிட்டு லேப்டாப்புக்கு இருப்பதுபோல வெளியே ஒரு அடாப்டர். மத்தியானத்தில் ஷட்டரை இறக்கிவிட்டுக் காதைப் பெட்டியோடு ஒட்டி உட்கார்ந்தேன்.

அப்போதுதான் வேடிக்கை புரிந்தது. ஒரு சத்தத்தை எடுத்தால் அதற்கு அடியில் இன்னொரு சத்தம் படுத்திருக்கிறது. ஃபேன் போனதும் சுவர்க் கடிகாரம் கேட்டது. கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினேன், ட்யூப்லைட்டின் ரீங்காரம் கேட்டது. அதையும் அணைத்தால் எங்கிருந்தோ ஒரு மெல்லிய கீச். எனக்குச் சாப்பாடுகூட மறந்துபோனது. பதினோரு வருஷமாக இதே கடையில் உட்கார்ந்திருக்கிறேன், இத்தனை சத்தத்துக்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரியாமலே போயிருக்கிறது.

அந்தக் கீச் எது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே ராஜாங்கம் ஐயா ஷட்டரைப் பாதி தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். அவர் பின்னாலேயே பக்கத்து ஜெராக்ஸ் கடை ராதிகா குனிந்து நுழைந்தாள்.

"இன்னா எழிலு, கடைக்குள்ள கொசு கத்திக்கினு இருக்குது?"

அடாப்டர்தான். இறக்கிய ஷட்டருக்கு வெளியேயும் கேட்டிருக்கிறது. ராஜாங்கம் ஐயா பெட்டிமேல் கையை வைத்துப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது.

"சத்தமே இல்லியே! இதே நல்லாருக்குது, கட்டிக் குடு பாப்பா."

ராதிகா என்னைப் பார்த்தாள். ஐயாவுக்குப் பஸ்ஸுக்கு அவசரம்போல, அதான் அப்படிச் சொல்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். கீச்சிடுகிற சாமானைக் கட்டிக் கொடுக்க எனக்கு மனசு வருமா? "நாளன்னிக்கு நானே வூட்டுக்கு எடுத்தாந்து மாட்டித் தரேன்" என்று அனுப்பிவிட்டு, நாலு அடாப்டர் மாற்றினேன். நாலாவது வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் கூத்து முழுவதையும் புதுப் பெட்டிக்கு மாற்றினேன். சரியாக ஏறியதா என்று ஒன்றைத் திறந்தேனோ இல்லையோ, முகவீணை வீல் என்று கிளம்பி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. சந்தேகத்துக்குப் பழைய பெட்டியிலும் போட்டேன். அந்த உறுமலுக்கு மேலேயும் ஊசி குத்துகிற மாதிரி கேட்டது. எந்த ஃபேனும் எதையும் முழுங்கவில்லை.

அப்படியென்றால்? நான் அதையே யோசித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"பாப்பா, நான் கச்சிராயபாளையம் ராஜாங்கம் வூட்டுக்காரி லட்சுமியம்மா பேசுறேன். அந்தப் பொட்டியில ஒரு பொட்டு சத்தம்கூட இருக்கக் கூடாதும்மா."

"ஏம்மா, நீங்களுமா?"

"அவருக்குக் காது கேக்க மாட்டேங்குது. அதுவும் கீச்சுனு வர்ற சத்தம் எதுவுமே கேக்கல. குக்கரு ஒம்பது விசில் அடிச்சி அடிப்புடிச்சிக் கெடக்குது, மனுசன் கூடத்துல குந்திக்கினு கூத்து பாக்குறாரு. கேட்டா ஃபேன் சத்தமாம். போன மாசம் வாய்க்கா ரோட்ல பைக்குக்காரன் ஆரன் அடிச்சிக்கினே வந்திருக்கான், இவரு நவுரல. கையில ஆறு தையலு. டாக்டரு கிட்ட வான்னா எனக்கு இன்னா கொற, கம்ப்யூட்டரு சத்தத்துலயே இருந்து காது மந்தமாயிருக்குதுன்றாரு. ஒருநாள் நானும் கத்திட்டேன். அப்பத்தான் வாய வுட்டாரு. சத்தமில்லாத பொட்டி வரட்டும், அதுலயும் முகவீணை கேக்கலன்னா நீ கூப்புடுற எடத்துக்கு வரேன்னாரு." அந்த அம்மா மூச்சு வாங்கினார். "அடுத்த தபா பைக்கா இருக்காது பாப்பா, கரும்பு லாரியா இருக்கும். எனக்குப் பயமா இருக்குது."

போனை வைத்துவிட்டுத் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சுற்றுகிற ஃபேனைக் கண்ணால் பார்த்தவர், பெட்டியைக் கையால் தொட்டவர், காதை மட்டும் கிட்டே கொண்டுவராதவர். அந்த மனுஷரிடம் போய்த் திரும்பி நின்று கேளுங்கள் என்று சிடுசிடுத்திருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அவர்கள் வீட்டுக் கூடத்தில் பெட்டியை மாட்டினேன். ராஜாங்கம் ஐயா வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசி, நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டிருந்தார். லட்சுமியம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, சமையல்கட்டு வாசப்படியில் நின்றார்.

"ஆன் பண்ணலியா?" என்றார் ஐயா.

"ஆன்லதான் ஐயா இருக்குது."

அவர் எழுந்து வந்து அலுமினியத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார். அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் போய் உட்கார்ந்து, "ஆறாவது வருசத்துதப் போடு. அதுலதான் முகவீணக்காரன் பிச்சி ஒதறியிருப்பான்" என்றார்.

போட்டேன். பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் மாதிரி மஞ்சளான மேடை. மிருதங்கம் தொடங்கியது, அவர் தொடையில் தாளம் போட்டார். திரைக்குப் பின்னால் வேஷக்காரரின் கிரீடம் அசைந்தது. அப்போது முகவீணை கிளம்பியது. ஐயோ, என்ன வாசிப்பு! ஓட்டின்மேல் உட்கார்ந்திருந்த மைனாக்கள் பறந்துவிட்டன. எனக்குக் கையெல்லாம் புல்லரித்தது.

ராஜாங்கம் ஐயா முன்னால் குனிந்து, வாய் லேசாகத் திறந்தபடி காத்துக்கொண்டிருந்தார். பஸ் எப்போது வரும் என்று ரோட்டை எட்டிப் பார்ப்பவர் முகம் அது.

"எப்பம்மா ஆரம்பிக்கிறான்?"

நான் லட்சுமியம்மாளைப் பார்த்தேன். ஜெயித்தது அவர்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு கையை எடுத்துவிட்டு உரக்கச் சொன்னார்.

"இன்னாங்க, இந்தப் பொட்டியிலயும் சத்தம் வந்துக்கினுதான் இருக்குது. அதான் உங்களுக்குக் கேக்கல."

எனக்குக் கோபம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "சத்தமா? எதுலம்மா சத்தம்? இதுல சுத்துற பாகமே ஒண்ணு கெடையாது. நாலு அடாப்டர் மாத்தியிருக்கேன். எறும்பு மூச்சுவுடுற சத்தம்கூட இதுல வராது!" என்று கத்திவிட்டேன்.

கத்தி முடித்த பிறகுதான் அந்த அம்மா எதற்காக அப்படிச் சொன்னார் என்று உறைத்தது. பாவி நான், புருஷனின் மானத்தைக் காப்பாற்ற அவர் ஒரு பொய் சொன்னால், என் பெட்டியின் மானத்துக்காக அதை உடைத்துவிட்டேனே! தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் கரும்பு லாரியும் ஞாபகம் வந்தது. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

முகவீணை வாசித்துக்கொண்டே இருந்தது.

"லட்சுமி" என்றார் அவர். "நான் கைய வச்சிப் பாத்துட்டேன். துளி அதிர்வு இல்ல. நீ ஏன் பொய் சொல்ற?"

அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவன் ஊதிக்கினு இருக்கானா?"

லட்சுமியம்மாள் தலையாட்டினார். ராஜாங்கம் ஐயா டிவியைப் பார்த்தார். அதில் முகவீணைக்காரரின் கன்னம் உப்பி உப்பி அடங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு நேரமாகக் கண்முன்னால் தெரிந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"காலையில எத்தினி மணி பஸ்ஸு?" என்றார்.

அந்த அம்மா வாசப்படியிலிருந்து கத்தவில்லை. நடந்து வந்து, அவருக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்து, முழங்காலில் கை வைத்து, அவர் உதட்டைப் பார்க்கும்படி மெதுவாகச் சொன்னார். "ஏழரைக்கு."

"சரி, போலாம்."

நான் நிறுத்துவதற்காக ரிமோட்டை எடுத்தேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"நிறுத்தாத பாப்பா, ஓடட்டும். நீங்க ரெண்டு பேராச்சும் கேளுங்க."

நாங்கள் கேட்டோம். அவர் எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.