மீன் கழுவின தண்ணீர்

“அப்பா, அந்தப் பின்வளவை எனக்குத் தாங்கோ.”

நவம்பர் மாதத்துக் கடைசி ஞாயிறு, மத்தியானச் சாப்பாடு. அப்பா பெற்றோல் ஸ்டேஷன் சட்டையைக்கூட மாற்றாமல் சோற்றில் மீன்குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தார். அம்மாவின் அகப்பை சட்டிக்கு மேலே அப்படியே நின்றது. அண்ணன் அர்ஜுன் ஃபோனிலிருந்து தலையை எடுத்தான். இதை மட்டும் அப்பாவிடம் கேட்டுவிடாதே என்று அம்மா எனக்கு மூன்று தடவை சொல்லியிருந்தார். “பொம்பிளைப் பிள்ளை தன்ர வாயாலை காணி கேக்கக் கூடாது, ரூபி. தாய்தேப்பன் பாத்துக் குடுக்கிறதை வாங்கோணும்.” எங்கள் ஆட்களில் காணியும் வீடும் பெண்ணுக்குக் கலியாணத்தோடு வரும். அவளாகக் கேட்டால், எங்கேயோ ஒருத்தனைப் பார்த்து வைத்திருக்கிறாள் என்று அர்த்தம். லண்டனில் வால்தம்ஸ்டோவில் வீட்டுக்குப் பின்னால், பதினாறு அடி அகலத்தில், முன்பாதி சீமெந்தும் பின்பாதி முட்பற்றையுமாகக் கிடக்கும் ஒரு வளவுக்கும் இந்தச் சட்டம் செல்லும் என்று நான் நினைக்கவில்லை.

“அதை உனக்குத் தந்தா நானும் மங்கையும் எங்கை இருக்கிறது?” என்றான் அர்ஜுன். ஜூலையில் அவனுக்கும் மங்கைக்கும் கலியாணம். அவர்கள் சொந்தமாக வீடு வாங்கும்வரை இருப்பதற்கு அந்த மண்பகுதியில் ஒரு தனி அறை கட்டுவதென்று வீட்டில் ஒரு பேச்சு. “ஷெட்டுக்குள்ளையோ?”

“ஷெட்டும் வளவுக்குள்ளதான் நிக்குது. அதையும் சேத்துத்தான் கேட்டனான்.”

அப்பா வாயிலிருந்து ஒரு முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். பிறகு, “பாப்பம்” என்றார்.

அவருடைய “பாப்பம்” எனக்கு இருபத்துமூன்று வருடமாகப் பழக்கம். இன்னும் விளங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிரான்சுக்குச் சுற்றுலா போனபோது பாப்பம் என்றார், நான் போகவில்லை. லெஸ்டர் யூனிவர்சிட்டியில் இடம் கிடைத்தபோதும் அதே சொல்லைத்தான் சொன்னார். ஒரு மாதம் கழித்து யாருடையவோ வானை இரவல் வாங்கி, அதில் ரைஸ் குக்கரையும் பத்துக் கிலோ அரிசியையும் ஏற்றி, என்னைக் கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கறுப்பு அங்கி போட்ட என் படம் வாசல் கதவைத் திறந்தவுடன் கண்ணில் குத்துகிற மாதிரி மாட்டப்பட்டிருக்கிறது. அந்தப் படத்தில் இருப்பவள் நூற்று நாற்பது வேலைகளுக்கு விண்ணப்பித்துவிட்டு ஒரு மருந்துக்கடையில் வாரம் மூன்று நாள் இருமல் மருந்து விற்கிறாள். மிச்ச நாட்களில் வீட்டுக்குள் இருக்க முடியாமல்தான் ஒக்டோபரில் முட்பற்றையை வெட்ட ஆரம்பித்தேன். வெட்டிய பிறகு கிண்டினேன். கிண்டினால் உடைந்த ஓடு, பிளாஸ்டிக் சிப்பாய், ஒரு சைக்கிள் செயின் எல்லாம் வந்தன. அதற்கும் கீழே கறுப்பாக, கையில் பிடித்தால் உதிர்கிற மண் இருந்தது. இவ்வளவு நல்ல மண்ணைக் கீழே வைத்துக்கொண்டு மேலே நாங்கள் இருபது வருடமாகப் பழைய மெத்தையைப் போட்டு வைத்திருந்தோம். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் அன்றைக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

அடுத்த நாள் காலையில் அம்மா என் கட்டிலின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஆரடி பெடியன்?”

“என்ன பெடியன்?”

“பெடியன் இல்லாமல் ஆர் காணி கேக்கிறது? சொல்லு, நான் அப்பாட்டைப் பக்குவமாச் சொல்லுறன்.”

“எனக்கு உள்ளி நடோணும் அம்மா. அவ்வளவுதான்.”

“சரி, எந்த ஊராம்?”

உள்ளிப்பூண்டைத்தான் நட்டேன். குளிர் பட்டால்தான் அது பல்லுப் பல்லாகப் பிரியும். அதனால் நவம்பரிலேயே நடவேண்டும். நாற்பது பல்லுகள், ஐந்து வரிசை. ஒரு கொப்பியில் வெயிலையும் எழுதினேன். டிசம்பரில் பின் தெருக் கூரைகளைத் தாண்டி எங்கள் மண்ணில் வெயில் விழுவது பன்னிரண்டே காலிலிருந்து ஒன்றரை வரைக்கும்தான். அந்த ஒன்றேகால் மணித்தியாலத்தில் நான் ஒரு கதிரையைப் போட்டு வரிசைகளுக்குப் பக்கத்தில் இருப்பேன். அம்மா சமையலறை யன்னலால் பார்த்து, “குளிருக்கை என்ன விசரே?” என்று கேட்பார். பிறகு அதே யன்னலால் தேத்தண்ணீரும் நீட்டுவார். கிறிஸ்மஸுக்கு முன்னாலேயே பச்சை ஊசிகள் மாதிரி முளை வந்துவிட்டது. அன்று முழுக்க நான் யாரோடும் சண்டை போடவில்லை என்று அர்ஜுன் மங்கைக்கு மெசேஜ் அனுப்பினான்.

நரியும் வந்தது. திங்கட்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் இரண்டு வரிசை தோண்டிக் கிடக்கும். உள்ளியைத் தின்பதில்லை, கிண்டி எறிந்துவிட்டுப் போகும். திரும்ப நட்டேன். கம்பிவலை போட்டேன். மிளகாய்த்தூள் தூவினேன், அது என் கண்ணிலேயே விழுந்தது. பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டி மூடாமல் கிடப்பதால்தான் என்று அவர்களோடு போய்ச் சத்தம் போட்டுவிட்டும் வந்தேன். அவர்கள் தொட்டிக்குப் பூட்டே வாங்கிவிட்டார்கள். ஆனாலும் அடுத்த திங்கள் அதே கதை.

ஜனவரியில் பச்சைமிளகாய் விதை போட்டேன். அதற்குச் சூடு வேண்டும். எங்கள் வீட்டில் இரவும் பகலும் சூடாக இருக்கிற ஒரே இடம் சுடுதண்ணித் தாங்கி இருக்கும் கபேட். ஆனால் அதன் மேல்தட்டுகளில்தான் சாமிப் படங்களும் இருக்கின்றன. தயிர் டப்பாக்களைப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வரிசையாக அடுக்கியபோது அம்மா வாயைத் திறந்தார், மூடினார். பத்தாம் நாள் முளைத்ததும், “பிள்ளையார் தந்தது” என்று என்னைவிட அவர்தான் அதிகம் குதித்தார். அதற்கடுத்த கிழமை எனக்கு மாதவிலக்கு. கபேட்டைத் திறக்கக் கூடாது, துடக்கு. நான் கத்தினேன். “செடிக்குத் தெரியுமோ எனக்கு என்ன நாளெண்டு?” அம்மா கும்பிடாத குறையாக, “மூண்டே மூண்டு நாள், நான் பாக்கிறன், என்ர பிள்ளை மாதிரிப் பாக்கிறன்” என்றார். அப்படித்தான் பார்த்தார். காலையும் மாலையும் சாமிக்கு வைத்த தண்ணீரை டப்பாக்களில் நிரப்பினார். நாலாம் நாள் நான் திறந்தபோது, முப்பது நாற்றில் இருபத்தைந்து கழுத்து ஒடிந்து, தண்ணீருக்குள் படுத்துக் கிடந்தன. அம்மா அழுதார். நான் அவரைத் தேற்றுவதா ஏசுவதா என்று தெரியாமல் டப்பாக்களைக் கழுவிக்கொண்டே நின்றேன்.

பெப்ரவரியில் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் பிடிபட்டது. நரி வந்த நாட்களையும் அதில் குறித்திருந்தேன். பத்துத் தடவை. பத்தும் ஞாயிறு இரவு. மூன்று வருடம் தரவுகளை எப்படிப் பார்ப்பது என்று எனக்குப் படிப்பித்தார்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்துத் திங்கட்கிழமை எடுத்தது. அடுத்த ஞாயிறு, வழக்கமாகப் பத்து மணி வரை தூங்குகிறவள், அந்த நாளில் அப்படி என்னதான் நடக்கிறதென்று பார்க்க ஒன்பது மணிக்கே கீழே இறங்கினேன். அப்பா இரவு வேலை முடிந்து, வழியில் மீன் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். வீட்டுக்குள் மணக்கும் என்று ஞாயிறுகளில் மீனை வெளியே குழாயடியில் வைத்துத்தான் வெட்டுவார். வெட்டி முடித்திருந்தார். இப்போது அந்தத் தண்ணீர்ப் பேசினைத் தூக்கிக்கொண்டு என் வரிசைகளுக்கு நடுவே குனிந்து குனிந்து நடந்தார். ஒவ்வொரு உள்ளியின் காலடியிலும் கொஞ்சம் கொஞ்சமாக, சிந்தாமல், குழந்தைக்குப் பால் பருக்குகிற மாதிரி ஊற்றினார். கம்பிவலையைத் தூக்கி, ஊற்றி, திரும்ப அதே மாதிரி மூடினார்.

“என்னப்பா செய்யிறியள்?”

களவில் பிடிபட்டவர் போலத் திரும்பினார். “பசளை பிள்ளை. இதிலை நல்ல சத்து.”

“எத்தினை நாளா ஊத்திறியள்?”

“நீ கேட்டனியே. அந்தக் கிழமையிலை இருந்து.”

“நரியைக் கூப்பிட்டு விருந்து வைச்சிருக்கிறியள்! மீன் மணத்துக்குத்தான் அது வந்து கிண்டுது. நான் பக்கத்து வீட்டுச் சனத்தோடை சண்டைக்குப் போனனான்!”

“லண்டன் நரியும் மீன் தின்னுமோ?” உண்மையாகவே கேட்டார். பிறகு, “அப்ப வேற என்னத்தை ஊத்த?”

“ஒண்டும் ஊத்த வேண்டாம்.”

“ஒண்டுமே வேண்டாமோ?”

மிச்சத் தண்ணீரைக் குழாயடிக் கழிவுநீர்க் கானுக்குள் கவிழ்த்துவிட்டு உள்ளே போனார். நான் கேட்டதற்குப் பதில் அந்த மீன்தண்ணீர்தானா? பின்வளவு எனக்குத்தானா? அன்று சாப்பாட்டு மேசையில் திரும்பக் கேட்டேன். “அப்ப வளவு?” அவர் மீனில் முள்ளெடுத்துக்கொண்டு, “பாப்பம்” என்றார். அன்றைக்குப் பின்னேரமே, பல்லைக் கடித்துக்கொண்டு, நூற்று நாற்பத்தோராவது விண்ணப்பத்தை அனுப்பினேன். கென்ட்டில் ஒரு பழைய பெரிய தோட்டம். இரண்டு வருடப் பயிற்சி, சம்பளத்தோடு ஓர் அறையும் தருவார்கள்.

மார்ச்சில் ஒரு கிழமை வெயில் அடித்தது. உள்ளி ஒரு சாண் உயரத்துக்கு வந்துவிட்டது. தப்பிய ஐந்து மிளகாய் நாற்றையும் ஆசையில் வெளியே வைத்தேன். மூன்றாம் நாள் உறைபனி விழுந்து நாலைக் கொண்டுபோனது. அதற்கு யாரையும் ஏச முடியவில்லை. அதுவே ஒருவித நிம்மதியாக இருந்தது. கென்ட்டிலிருந்து ஓம் என்று பதில் வந்தது. ஏப்ரல் முதல் திங்கள் வேலை தொடக்கம், அறைக்கு ஒரு கிழமை முன்னமே வரலாம், பத்து நாளுக்குள் முடிவு சொல்லுங்கள் என்றார்கள். நான் ஒன்பது நாள் சொல்லவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேலைக்குப் போகும்போது வளவைத் திரும்பிப் பார்க்கிறாரா? உள்ளி எப்ப கிண்டலாம் என்று ஏன் கேட்கிறார்? ஜூலையிலை என்று சொன்னால் ஏன் தலை குனிகிறார்? ஒரு மனிதர் ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் இந்த ஊரிலேயே இருந்திருப்பேன். அவருக்கு அது தெரியாது. நானும் சொல்லவில்லை.

பத்தாம் நாள் சனிக்கிழமை. மருந்துக்கடையிலிருந்து வந்து பின்கதவைத் திறந்தால், மண்ணில் நாலு முளைக்குச்சிகள் அடித்து, சுற்றிவர மஞ்சள் நூல் கட்டியிருந்தது. அர்ஜுனின் அறைக்காகக் கட்டிட வேலைக்காரர் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நூலுக்குள் என் உள்ளி வரிசைகள். நான் ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. மேலே போய்ச் சம்மதம் என்று எழுதி அனுப்பினேன். பிறகு உடுப்பு அடுக்கினேன்.

ஞாயிறு காலை பையோடு இறங்கியபோது அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். அவரிடம் வாசலில் சொல்லி அழ வைக்கத் தைரியமில்லாததால் அந்த நேரத்தைத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். அப்பா குழாயடியில் மீனைக் கழுவிக்கொண்டிருந்தார். என் பையைப் பார்த்தார்.

“எங்கை பிள்ளை?”

“கென்ட்டுக்கு. வேலை கிடைச்சிருக்கு. இருக்க அறையும் தருகினம்.”

“என்ன வேலை?”

“தோட்ட வேலை.”

“டிகிரி முடிச்சிட்டோ?”

“ஓம். முடிச்சிட்டுத்தான்.”

கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தார். எனக்கு ஏச்சு வேண்டியிருந்தது. ஏசினால் போவது சுகம். அவர் ஏசவில்லை. “தோட்டம் எங்களிட்டையும் இருக்குத்தானே. வா, காட்டுறன்” என்று முன்னால் நடந்தார்.

இரவு நான் மேலே உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் இரவு வேலைக்குப் போகாமல் கீழே நூலை மாற்றிக் கட்டியிருக்கிறார். ஒரு பக்கத்து முளைக்குச்சிகள் இரண்டையும் பிடுங்கி, இரண்டடி உள்ளே தள்ளி அடித்திருந்தார். வேலியோரமாக இருந்த ஒரு வரிசை உள்ளி இப்போது நூலுக்கு வெளியே நின்றது. மற்ற நாலு வரிசையையும் வேரோடு கிளப்பி, அதே துண்டுக்குள் நெருக்கி நட்டிருந்தார். தப்பிய ஒற்றை மிளகாய் நாற்றுக்குப் பக்கத்தில் ஒரு குச்சி ஊன்றி, அவருடைய பழைய பெற்றோல் ஸ்டேஷன் சட்டையில் கிழித்த துணிப்பட்டியால் நாற்றை அதில் கட்டியிருந்தார்.

“கட்டிறவங்கள் அறை சின்னனாப் போகுமெண்டு சொன்னவங்கள். இரவு அர்ஜுனோடையும் வாய்த்தர்க்கம். கட்டில் போட இடமில்லையாம். கட்டிலை மாத்திப் போடு எண்டன். இந்த ரெண்டடி உனக்கு. ஆரும் கை வைக்கேலாது.”

வேலிக்கும் வரப்போகிற சுவருக்கும் நடுவில் இரண்டடி. நான் அந்த மண்ணில் ஒரு குளிர்காலம் முழுக்க வெயிலுக்கு நேரம் எழுதியவள். எந்தக் குச்சியில் எத்தனை மணிக்கு வெளிச்சம் படும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

“அதிலை வெயில் விழாது அப்பா.”

“இப்ப விழுகுதே.”

விழுந்துகொண்டுதான் இருந்தது. நெருக்கி நட்ட உள்ளியின் தாள்களில், அவருடைய ஈரக் கைகளில், எல்லாவற்றிலும்.

“சுவர் வந்தா விழாது. ஒன்பது அடிச் சுவர். இந்தப் பக்கம் முழுக்க நிழல்தான்.”

அவர் நூலைப் பார்த்தார். பிறகு இன்னும் கட்டாத சுவர் நிற்கப்போகிற இடத்தை, கீழிருந்து மேலாக, ஒன்பது அடி உயரம் வரை பார்த்தார். 

“இது எனக்குத் தெரியாமல் போச்சு பிள்ளை.”

அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. குச்சிகளை எல்லாம் பிடுங்கி எறிய வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. பையைத் தோளில் மாட்டினேன். பக்கவாட்டு இரும்புக் கதவு வரைக்கும் வந்துவிட்டேன்.

“எப்ப வருவாய்?”

“பாப்பம்” என்றேன்.

கதவின் கொழுக்கியைப் போடுவதற்காகத்தான் திரும்பினேன். அப்பா மீன் கழுவின தண்ணீர்ப் பேசினை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நூலுக்குப் பக்கத்தில் நின்றார். உள்ளிப் பக்கமாக ஓர் அடி எடுத்து வைத்தார். நின்றார். கானைப் பார்த்தார், திரும்ப உள்ளியைப் பார்த்தார். பேசினின் விளிம்பால் கொஞ்சம் தண்ணீர் சிந்தி, மஞ்சள் நூலில் பட்டு, துளித் துளியாக இரண்டு பக்கமும் விழுந்துகொண்டிருந்தது.