ஸ்கேனில் தெரியாத வலி

கான்செப்சியோன் துறைமுகத் தெருவில் துணி தைத்துக்கொண்டிருந்த ஸுனில்டாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்தது. மாதாமாதம் போன ரத்தத்தில் ஆள் வெளிறிப்போனாள். ஸ்கேனில் கட்டி எலுமிச்சை அளவில் தெரிந்தது. அறுத்து எடுத்தார்கள், தேறிவிட்டாள்.

அதனால் தங்கை நிமியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டபோது, இதுவும் அதுதான் என்று வீடே முடிவு கட்டியது. நிமியா ஊர்ப் பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர். கல்யாணமாகிச் சில வருடங்கள், குழந்தை இல்லை. ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை என்றதும் எல்லோருக்கும் நிம்மதி. வலி மட்டும் போகவில்லை.

பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும் என்றார் ஊர் டாக்டர். ஐஸ் போட்ட தெரெரே மூலிகைத் தேநீர் குடிப்பதை நிறுத்தினால் போதும் என்றாள் மாமியார். கணவன் அனிபால் முதலில் தோளைத் தடவிக்கொடுத்தான். பிறகு, தொட்டாலே சுருங்குகிறாள் என்று வேறு கட்டிலுக்குப் போனான். ஸுனில்டாவுக்கு எரிச்சல்.

“எனக்கு பக்கெட் பக்கெட்டா போச்சுடி. அப்பவும் மெஷின்ல உக்காந்து தைச்சேன். உனக்கு அவ்வளவா போறதும் இல்ல. சும்மா நடிக்காத. மேட்ச்னா மட்டும் எந்திரிச்சு ஓடுறியே.”

அந்த ஞாயிறு பந்துக்குப் பாய்ந்து விழுந்த நிமியாவால் எழ முடியவில்லை.

தலைநகர் அசுன்சியோனில் ஒரு பெண் மருத்துவர் வலியைப் பற்றியே கேட்டார். விலக்கு நாளில் மலம் கழிக்கும்போது வலிக்குமா? கணவனோடு இருக்கும்போது? ஒவ்வொன்றுக்கும் தலையசைத்த நிமியா கடைசியில் அழுதுவிட்டாள். இதுவரை யாரும் அவளிடம் இதையெல்லாம் கேட்டதில்லை.

“உங்க அக்காவுக்கு கர்ப்பப்பைத் தசையில வளர்ந்த கட்டி. உங்களுக்கு கர்ப்பப்பையோட உள்சவ்வு மாதிரி ஒண்ணு வெளியில வளர்ந்திருக்கும்னு நெனைக்கிறேன். எண்டோமெட்ரியோசிஸ். ஸ்கேன்ல பல நேரம் தெரியாது. உள்ள கேமரா விட்டுத்தான் பாக்கணும்,” என்றார் மருத்துவர்.

பார்த்தார்கள். கருக்குழாய்கள் குடலோடு ஒட்டிக் கிடந்தன. சிதைந்திருந்த ஒரு சினைப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. இனி இயல்பாகக் கரு தங்குவது கடினம் என்றார்கள். அனிபால் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டான். பிறகு வேலைக்கென்று புவெனஸ் அயர்ஸ் போனவன் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் ஸுனில்டாதான் கூட இருந்தாள்.

“நீ நடிக்கிறேன்னு சொல்லிட்டேனேடி.”

“எல்லாரும்தான் சொன்னாங்க. நீ சொன்னதுதான்க்கா தாங்க முடியல.”

ஸுனில்டா தங்கையின் தலையைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள்.

வலி பெரும்பாலும் குறைந்தது. நிமியா மறுபடி ஆடப் போனாள். ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் மைதானத்துக்குள் ஓடிவந்து அவரவர் அம்மாவைக் கட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் நிமியா முதுகைக் காட்டி நின்று கோல் வலையைக் கழற்றுவாள். ஸுனில்டா போய் மறுமுனையைப் பிடித்துக்கொள்வாள்.