ரெட்டைப்பாறையில் போட்ட தழை

கொல்லமேட்டிலிருந்து புத்தூருக்குப் போக இரண்டு வழி உண்டு. பஸ்ஸில் போனால் மலையைச் சுற்றிக்கொண்டு பாதி நாள் ஆகும். அதுவும் பஸ் வந்தால். மலை ஏறி இறங்கினால் மூன்றரை மணி நேரம். காலில் வலு இருக்கிறவன் எவனும் பஸ்ஸை நம்பியதில்லை.

அந்த மலைக்கு ஒரு சட்டம் இருந்தது. எழுதி வைத்த சட்டமில்லை. பாதை பிரிகிற இடத்தில், முன்னால் போகிறவன் ஒரு பச்சைத் தழையை ஒடித்து, போகக்கூடாத பாதையின் குறுக்கே போட்டு, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டுப் போக வேண்டும். அந்தப் பக்கம் மரம் விழுந்திருக்கலாம், தேனீ கலைந்திருக்கலாம், கரடி படுத்திருக்கலாம். பின்னால் வருகிறவனுக்குக் காரணம் சொல்ல அங்கே ஆள் இருக்காது; தழை சொன்னால் சொன்னதுதான். வாய்க்கால் சண்டை, வரப்புச் சண்டை எல்லாம் ஊரோடு சரி. தழையில் பொய் சொன்னவன் என்று அதுவரை ஒருத்தனும் கிடையாது.

அப்பாவுதான் முதல் ஆள்.

ஆந்திரா தனியாகப் பிரிந்து நாலாவது வருஷம் அது. எந்த ஊர் மெட்ராஸுக்கு, எந்த ஊர் ஆந்திராவுக்கு என்று விசாரிக்க ஓர் அதிகாரி வந்து புத்தூர் பங்களாவில் உட்கார்ந்திருந்தார். சொல்ல வேண்டியதை எழுதி எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் வந்துவிட வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். கொல்லமேட்டில் தமிழ் வீடு எண்பது, தெலுங்கு வீடு முப்பது. மெட்ராஸுக்குப் போக வேண்டும் என்ற தமிழ் வீட்டு மனு அப்பாவு கையில். ஆந்திராவிலேயே இருக்க வேண்டும் என்ற தெலுங்கு வீட்டு மனு நாகையா கையில்.

இந்த இரண்டு பேரும் இருபது வருஷமாக ஒன்றாக மலையில் திரிந்தவர்கள். ஏர் ஓட்டம் முடிந்து கை சும்மா இருந்தால் போதும், சோற்று மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். களாக்காய் பறிப்பார்கள், சுனையில் குளிப்பார்கள், உச்சிப் பாறையில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். வேறு ஒரு காரியமும் கிடையாது. "ரெண்டு கழுதைங்களும் மேயப் போயிடுச்சிங்க" என்று அப்பாவுவின் பெண்சாதி செங்கம்மா வைவாள். உறவு ஒன்றுமில்லாவிட்டாலும் அப்பாவுவுக்கு அவன் மச்சான், நாகையாவுக்கு இவன் பாவா; தெலுங்கில் அதுவும் மச்சான்தான்.

மனு வந்தது, பேச்சு நின்றது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் போய் ஒரு வருஷமாகியும் வேறு ஆள் வரவில்லை. அப்பாவுவின் மகன் தெலுங்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தான். "என் புள்ள முழிச்சிக்கினு கீறான், உனக்குத் தெரியலியா?" என்று அப்பாவு கேட்டான். "மெட்ராஸுல சேத்துட்டா நாளைக்கு என் புள்ள முழிக்கணுமா?" என்று நாகையா திருப்பிக் கேட்டான். பதில் இல்லாத இடத்தில் கோபம் வந்து சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டது. ஒரு மாதமாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

வியாழக்கிழமை முதல் கோழி கூவியதும் அப்பாவு கிளம்பினான். ரெட்டைப்பாறைக்கு வந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தான். வெகு கீழே, ஈச்சம் புதர்களுக்கு நடுவில், நாகையாவின் வெள்ளைத் தலைப்பாகை ஏறி வந்துகொண்டிருந்தது. எப்படியும் அரை மணி நேரத் தூரம் இருக்கும்.

ரெட்டைப்பாறையில் பாதை பிரிகிறது. வலது பக்கம் கணவாயைத் தாண்டிப் புத்தூரில் இறங்கும். இடது பக்கம் மூங்கில் நிழலில் சுகமாக இறங்கிப்போய், கடைசியில் ஒரு பள்ளத்தில் கொண்டுபோய் விடும். அங்கிருந்தும் பாறை பாறையாகத் தாவிப் புத்தூர் போகலாம். ஆனால் மத்தியானம் தாண்டிவிடும்.

அப்பாவு வலது பக்கம் நாலடி வைத்துவிட்டு நின்றான். 'அவனுக்குத் தெரியாத வழியா? தழையைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்துவிடுவான்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஏமாற மாட்டான் என்று சொல்லிக்கொண்டே ஒருவனை ஏமாற்றுவது மனுஷப் பிறவிக்கு மட்டும் கைவந்த வித்தை. வெப்பாலைக் கிளை ஒன்றை ஒடித்தான். பால் விரலில் பிசுபிசுத்தது. தான் போகிற பாதையிலேயே, தன் முதுகுக்குப் பின்னால் அதைப் போட்டுக் கல்லையும் வைத்தான். அப்புறம் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

பத்து மணிக்கெல்லாம் மனுவைக் கொடுத்தாயிற்று. வேலை முடிந்தவன் கிளம்பியிருக்கலாம். கிளம்பாமல் பங்களா வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான். பதினொன்று ஆயிற்று. நாகையா வந்துவிட மாட்டானா என்று அவனுக்கே மனசு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. பன்னிரண்டு அடித்ததும் மனுக்கட்டைக் கட்டப் போன குமாஸ்தா நிமிர்ந்து, "கொல்லமேடு! உங்க ஊர்ல இதுக்கு மாறாச் சொல்றவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றான் அப்பாவு.

முப்பது வீட்டை ஒரே வார்த்தையில் இல்லாமல் ஆக்கியாயிற்று. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. கடையில் வாங்கிய இட்லியை அப்படியே வைத்துவிட்டு மலையைப் பார்க்க ஓடினான்.

ரெட்டைப்பாறையில் தழை வாடிக் கிடந்தது. இடது பக்கத்து மண்ணில் செருப்புத் தடம் தெளிவாக இறங்கியிருந்தது. மூங்கிலுக்குள் கூவிக்கொண்டே இறங்கினான். பள்ளத்தில், ஒரு பாறையடியில், கணுக்கால் பூசணிக்காயாக வீங்கி நாகையா உட்கார்ந்திருந்தான். மனு மட்டும் கசங்காமல் தலைப்பாகைக்குள் இருந்தது.

"வந்துட்டியா பாவா? நீ வருவேன்னு எனக்குத் தெரியும். வெரசா போவணும்னு தாவினேன், பெரட்டி உட்டுச்சி."

"உனக்கு வழி தெரியாதா மச்சான்? இந்தப் பக்கம் ஏன் வந்தே?"

"கண்ணக் கட்டி உட்டாக்கூட நான் கணவாய்க்குப் போயிடுவேனே! நீ தழை போட்டுக்கீறியே. பால்கூட காயல. ஒரு மாசமா மூஞ்சி குடுக்காதவன், எனக்காவ நின்னு ஒடிச்சிப் போட்டுட்டுப் போறான்னா, அங்க என்னவோ பெருசா கீதுன்னு நெனைச்சேன். கரடிதானே? குட்டியோட கீதா?"

அப்பாவு ஆமென்று தலையை மட்டும் ஆட்டினான். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, இப்போது ஒன்று. பொய் எப்போதும் குடும்பத்தோடுதான் குடிவரும்.

நாகையாவின் கையைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏற்றினான். "மனு போச்சி. எங்க ஆளுங்களுக்கு இன்னா சொல்றதுன்னு தெரியல" என்று நாகையா மூச்சு வாங்கினான். "ஆனா ஒண்ணு பாவா. சண்டைன்னாலும் நீ என்னை நெனைச்சியே. அது போதும்." அப்பாவுவுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

ரெட்டைப்பாறைக்கு வந்ததும் அப்பாவு காலால் தழையை ஒதுக்கப் போனான்.

"ஐயோ, எடுக்காதே!" என்று நாகையா அவன் தோளை அழுத்திப் பிடித்தான். "நாளைக்கு வெறகுக்குப் பொம்பளைங்க வருவாங்க. கரடி அங்கியே கீதில்ல? இது வாடிப்போச்சி, புதுசா ஒண்ணு ஒடிச்சிப் போடு."

அப்பாவு கையை நீட்டி வெப்பாலைக் கிளையைப் பிடித்தான். ஒடிக்க முடியவில்லை. நாளைக்குத் தழையை நம்பிப் பெண்கள் அந்தப் பள்ளத்தில் இறங்குவது கண்ணில் தெரிந்தது.

"கரடி இல்ல மச்சான்."

"பின்னே?"

"அங்க ஒண்ணும் இல்ல. நீ பன்னெண்டு மணிக்குள்ள வந்துடக் கூடாதுன்னு போட்டேன். வேற யாருன்னா கீறாங்களான்னு பங்களாவுல கேட்டாங்க. இல்லன்னு சொல்லிட்டேன்."

வைவான், அடிப்பான் என்று அப்பாவு காத்திருந்தான். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. நாகையா தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். குனிந்து கல்லைத் தள்ளினான், தழையை எடுத்துப் புதரில் வீசினான், கிடந்த மூங்கில் கழி ஒன்றை ஊன்றிக்கொண்டான்.

"தோளைப் புடிச்சிக்க மச்சான். கால் தாங்காது."

"வேணாம். முன்னால நான் போறேன். நீ பின்னால வா."

ஒரு மணி நேரத்தில் இறங்குகிற மலை அன்றைக்குப் பொழுது சாய்கிற வரை இறங்கி முடியவில்லை. நாகையா ஒவ்வொரு பாறையிலும் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தான். அப்பாவு பத்தடி பின்னால், நீட்டின கையை மடக்கிக்கொண்டே வந்தான். வாழ்நாளில் அவன் நடந்ததிலேயே நீளமான நடை அதுதான்.

அடிவாரத்துப் புளியமரத்தடியில் இரண்டு பக்கத்து ஆட்களும் காத்திருந்தார்கள். தெலுங்கு வீட்டுக்காரர்கள் நாகையாவைச் சூழ்ந்துகொண்டார்கள். "மனு குடுத்தியா? ஏன் இவ்ளோ நேரம்? கால்ல இன்னா?"

நாகையா தலைப்பாகையை அவிழ்த்து மனுவை அவர்கள் கையில் கொடுத்தான்.

"அவனைக் கேளுங்க" என்றான். "அவன்தான் முன்னால போனான்."

கழியை ஊன்றிக்கொண்டு அவன் வீட்டைப் பார்க்கப் போய்விட்டான். நூறு கண்கள் அப்பாவு பக்கம் திரும்பின. மனு கொடுத்துவிட்டு வந்தவனை வாழ்த்த வந்த அவனுடைய ஆட்களும் சிரித்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். அப்பாவு துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ரெட்டைப்பாறையிலிருந்து ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொன்னான்.