தள்ளாத வண்டி

செத்துப்போன டிரைவர் வேதாச்சலத்தைக் குளிப்பாட்ட மூன்று குடம் போதும் என்றார்கள். அவருடைய அம்பாசடரைக் குளிப்பாட்ட டிராக்டர் டேங்கரே வந்து நின்றது. கூடவே வாட்டர் சர்வீஸ்காரரின் பம்பும்.

"இன்ஜினு சூடா கீதுண்ணா. இப்பதானே மெட்ராஸ் ஏர்போர்ட்லேர்ந்து வந்துது. ஆறட்டும்" என்றாள் அம்சவேணி.

அவள் அண்ணன் உமாபதி திரும்பவில்லை. அந்த வண்டியில்தான் காலையில் வந்து இறங்கினான். நைனா என்று அவர்கள் கூப்பிடும் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அந்த அழுகை உண்மையானதுதான். அழுது முடித்ததும் பெட்டியைத் திறந்து ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பெரிய கண்ணாடி, மூக்குக்கு ஒரு மூடி என்று வரிசையாக மாட்டிக்கொண்டான். குவைத்தில் அவன் சேஃப்டி சூப்பர்வைசர். அவன் உடம்பில் இனி எந்த விபத்தும் நுழைய இடமில்லை. வண்டிக்கு மட்டும் அப்படி ஒன்றும் மாட்டிவிடவில்லை.

ஆந்திர எல்லையிலுள்ள நகரி டாக்ஸி ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. டிரைவர் செத்தால் அவன் வண்டியின் பானெட்டைத் திறந்து, இன்ஜினுக்கு மஞ்சள் குங்குமம் வைப்பார்கள். பிறகு அந்த வண்டி ஹாரன் அடித்தபடி பாடைக்கு முன்னால் போகும். இன்ஜினில் பிசுக்கு இருப்பதை இதுவரை எந்தப் பிணமும் குறை சொன்னதில்லை. ஆனால் இந்த முறை வீடியோ எடுக்கிறார்கள். கேசட் குவைத் போகும். அவன் தங்கியிருக்கும் கேம்பில் முப்பது பேர் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

"இவ்ளோ கிரீஸோட இன்ஜினக் காமிச்சா என்னெ இன்னான்னு நெனைப்பாங்க?" என்றான் உமாபதி.

போன தடவை நைனாவுக்கென்று அவன் கொண்டுவந்த பிசுக்கு நீக்கும் மருந்து சாமி அலமாரியில் இருந்தது. வெளிநாட்டுச் சாமான் என்று நைனா அதற்கும் சேர்த்துப் பூ வைத்துவந்தார். ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை. அவருக்கு மண்ணெண்ணெயும் ஒரு பழைய பிரஷும் போதும். விடியலில், இன்ஜின் பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்திருக்கும்போது, பேட்டரி ஒயரைக் கழற்றுவார். டிஸ்டிரிபியூட்டருக்கும் கார்புரேட்டருக்கும் பாலிதீன் பை கட்டச் சொல்வார். கட்டுவது அம்சவேணியின் வேலை. "கொயந்தையக் குளிப்பாட்டும்போது காதுல தண்ணி போவ உடுவியாமே?" என்று கேட்பார். அவள் இறுக்கிக் கட்டுவாள். குவளையால்தான் தண்ணீர் ஊற்றுவார்.

அவள் பாட்டிலைத் திருப்பி எழுத்துக் கூட்டினாள். "இன்ஜினு கூலா இருக்கணும்னு இதுலியே போட்டுக்கிது பாருண்ணா. பேட்டரியக் கயட்டணுமாம். கரெண்டு சாமானெல்லாம் மூடணுமாம்."

"அது ஜெனரலா போடறது. நான் டெய்லி நூறு பேருக்கு சேஃப்டி கிளாஸ் எடுக்கறவன். நீ போயி பொம்பளைங்களோட குந்து."

மருந்தை அடித்தான். கொதிக்கும் எக்ஸாஸ்டில் பட்டுப் புகை குப்பென்று கிளம்பியது. உமாபதி இரண்டடி பின்னால் குதித்தான். குதித்த பிறகு, "புகை வந்தாத்தான் அழுக்கு கழலுதுன்னு அர்த்தம்" என்று அங்கிருந்தவர்களுக்கு விளக்கினான். ஊறவிடக்கூட இல்லை. பம்பு உறுமியது. தண்ணீர் கறுப்பாக ஓடி, வெள்ளையாக ஓடி, நின்றது. இன்ஜின் எவர்சில்வர் பாத்திரம் போலப் பளபளத்தது. வீடியோகாரர் நான்கு பக்கமும் சுற்றி எடுத்தார். மஞ்சள் வைத்தார்கள். தேங்காய் உடைத்தார்கள்.

ஸ்டாண்டு மேஸ்திரி நாகபூஷணம் ஏறிச் சாவியைத் திருப்பினார். வண்டி இருமியது. மறுபடி திருப்பினார். இருமல் மட்டும்தான்.

"டைம் அவுதுந்தி பாபு, நேரமாவுது" என்றார். "பன்னெண்டுக்கு ராகுகாலம். இன்னும் அரை அவர்தான்."

"தள்ளுங்கப்பா, நாலு பேரு வாங்க" என்றான் உமாபதி.

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வண்டியை யாரும் தள்ளியதில்லை. திருப்பதி மலையடியில், அலிபிரியில் மற்ற வண்டிகள் வாயைப் பிளந்து ஆவி விட்டுக்கொண்டு நிற்க, நைனா சிரித்தபடி தாண்டி மலை ஏறுவார். சுமோக்கள் வந்து சவாரியெல்லாம் பறிபோன பிறகு அவரிடம் மிச்சமிருந்த பெருமை அது ஒன்றுதான். கஞ்சி இறங்காமல் போன அன்றைக்கு அம்சவேணியைக் கூப்பிட்டு, "என்னெத் தூக்கும்போது வண்டி தானா வரணும்மே. தள்ள உட்றாதே" என்றார். அவள் சரி என்றாள். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

"யாரும் கை வெக்காதீங்க!"

சொன்ன வேகத்தில் உள்ளே ஓடினாள். காய்ந்த துணி வேண்டும். வீட்டில் இருந்ததெல்லாம் தீட்டென்று காலையிலேயே நனைத்துப் போட்டாகிவிட்டது. நைனாவின் காலடியில் கோடித் துணிகள் அடுக்கியிருந்தன. மேலே இருந்தது மண்டல் தலைவர் அனுப்பிய சரிகை வேட்டி. அதை மட்டும் தனியாக வீடியோ எடுத்திருந்தார்கள். அதை உருவினாள்.

"ஐயய்யோ, கோடிடீ அது!" என்று கங்கம்மா அத்தை ஒப்பாரியைப் பாதியில் விட்டுக் கத்தினாள். "நைனா மேல போத்தறதுடீ!"

"நைனாவுக்குத்தான் அத்தே."

வேட்டியைக் கிழித்தாள். டிஸ்டிரிபியூட்டர் மூடியின் கிளிப்பைத் தட்டிக் கழற்றி, உள்ளே துடைத்து, ஊதி, மறுபடி துடைத்தாள். ஒயர் ஒவ்வொன்றாகப் பிடுங்கி உலர்த்தி அதனதன் இடத்தில் செருகினாள். மூன்றாவது பிளக்கின் குழியில் தண்ணீர் குளமாக நின்றது. துணியைத் திரித்து விட்டு உறிஞ்சினாள். அதற்குள் சங்கு ஊதிவிட்டார்கள்.

"அம்சா, இன்னாமே இது? எல்லாரும் பாத்துக்கினு கீறாங்க. கேமரா வேற ஓடுது" என்றான் உமாபதி. மூக்கு மூடியை அவன் இன்னும் கழற்றவில்லை.

"ஓடட்டும்ணா. இன்ஜினு ஓடலையே."

ஸ்டாண்டு ஆட்களில் யாரோ சிரித்து, சாவு வீடு என்பது நினைவுக்கு வந்து, இருமலாக மாற்றிக்கொண்டார்.

நாகபூஷணம் சாவியைத் திருப்பினார். ஒரு குமுறல், ஒரு உதறல், பிறகு பிடித்துக்கொண்டது. அம்சவேணி தலையைச் சாய்த்துக் கேட்டாள். "நாலு சிலிண்டர்ல மூணுதான் ஓடுது மாமா. இன்னொண்ணு ஈரம். அஞ்சு நிமிசம் குடு."

"அஞ்சு நிமிசம் எவரிச்சாரம்மா, யாரு குடுக்கறா? மூணு போதும், சுடுகாடு என்ன திருமலையா?"

உமாபதி சட்டையைக் கழற்றி நெருப்புச் சட்டியை ஏந்தினான். வண்டி ஹாரன் அடித்தபடி நகர்ந்தது. பாடை பின்னால் போனது. தெருமுனையோடு பெண்கள் நின்றுவிட வேண்டும். நின்றார்கள். அடுத்த கேசட்டை மாட்டிக்கொண்டு வீடியோகாரர் மட்டும் ஓடினார்.

திரும்பி வந்து, கிணற்றடியில் பெண்களை வரிசையாக நிற்க வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள் கங்கம்மா அத்தை. அம்சவேணியின் கைகள் முழங்கைவரை கறுத்திருந்தன. ரயில்வே கேட்டுக்கு முன்னால் ஒரு மேடு உண்டு. அதில் செகண்ட் கியர் போட்டாக வேண்டும். நாகபூஷணம் போட்டுவிட்டார். மேடு ஏறும் சத்தம் கேட்டது, ஒரு கால் நொண்டியபடி. பிறகு ஹாரன். பிறகும் ஹாரன். ஹாரனுக்கு இன்ஜின் தேவையில்லை, பேட்டரி இருந்தால் போதும். தள்ளிக்கொண்டு போனாலும் அது அடிக்கும்.

"குனிடீ" என்று அத்தை குடத்தைத் தூக்கினாள்.

"இரு அத்தே."

"இன்னாத்துக்குடீ?"

அம்சவேணி இன்ஜின் சத்தத்தைத் தேடினாள். ரயில்வே கேட் பக்கம் காதைத் திருப்பி, கறுத்த கையை உயர்த்தியபடி நின்றாள். அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக ஓய்ந்தார்கள். அத்தை தூக்கிய குடத்தை இறக்காமல் பிடித்திருந்தாள். அதன் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.