கேமராவுக்குப் பழைய பேக்கேஜ்

இன்னும் ஐந்து மணி நேரம் பத்து நிமிடம். அதற்குப் பிறகு அக்காவின் செல்கள் செத்துவிடும். மூன்று வாரம் வளர்த்தவை. அவளுடைய ஆய்வேட்டின் கடைசிப் படம் அவற்றிலிருந்துதான் வர வேண்டும்.

அக்கா கூடப் பிறந்தவள் அல்ல. ஆய்வகத்தில் எனக்கு மூத்தவள். நுண்ணோக்கியின் முன் நின்றிருந்தாள். நாற்காலி பக்கத்திலேயே இருந்தும் உட்காரவில்லை. நுண்ணோக்கியோடு இணைந்த லினக்ஸ் கணினியில் கேமரா மென்பொருள் புதுப் பதிப்புக்கு மாறியிருந்தது. புதியதற்கு எங்கள் பழைய கேமராவைத் தெரியவில்லை.

"அப்டேட் தானா ஓடியிருக்கும்," என்று மின்னல் ஸ்பீக்கரில் சொன்னார். எங்கள் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர். வேகத்தைப் பார்த்து வைத்த பேர் இல்லை. "சர்வர்ல பழசைத் தூக்கிட்டாங்க. பரவால்ல, இறக்கின சாஃப்ட்வேர் பேக்கேஜையெல்லாம் நம்ம மெஷின் ஒரு ஃபோல்டர்ல வெச்சிருக்கும். நான் வந்து பழசைப் போட்டுடறேன். பத்து நிமிஷ வேலை."

"எப்பண்ணே வருவீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"இதோ கிளம்பிட்டேன்மா."

"காலைலேர்ந்து கிளம்பிட்டே இருக்கீங்க."

நான் பிப்பெட் முனைகளை அடுக்கினேன். கலைத்துவிட்டு மறுபடி அடுக்கினேன்.

நேற்று மாலை இதே கணினியில் டிஸ்க் நிரம்பி, பேக்கேஜ் பட்டியல் பழுது என்று திரையில் வந்தது. பட்டியலை மட்டும் அழித்துப் புதிதாக இறக்கியிருந்தால் போதும். நான் 'கிளீன்' கட்டளையும் கொடுத்தேன். பிறகு அப்டேட், அப்கிரேட்; எல்லா மென்பொருளும் புதுப் பதிப்புக்கு மாறியது. நான்கு ஜிபி இடம் கிடைத்தது. தனியாகச் சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

"பக்கத்துக் கட்டடத்து நுண்ணோக்கி இன்னிக்கு சும்மாதான் இருக்காம்," என்றேன். "பன்னெண்டுக்குள்ள பதிவு பண்ணணும்."

"என்னது? வாயத் தொறந்து பேசுடி."

திரும்பச் சொன்னேன்.

"தூக்கிட்டுப் போற குலுக்கல்ல பாதி செல் பிச்சுக்கும். பத்து நிமிஷ வேலைன்னு அவரே சொல்றாரு. உனக்கென்ன, உன் செல்லா?" சிரித்தாள். உடனே கடிகாரத்தைப் பார்த்தாள்.

பதினொன்று நாற்பதுக்கு மறுபடி போன் செய்தாள். மின்னல் பஸ்ஸில் இருந்தார்.

"தானா ஓடற அப்டேட்ட நிறுத்தி வைக்கக் கூடாதா இந்த மனுஷன்? வரட்டும், பேசிக்கறேன்."

பதினொன்று ஐம்பது ஆனது. கையுறையைக் கழற்றினேன்.

"அக்கா, அவருக்காகக் காத்திருக்க வேணாம்."

"ஏன்?"

"பழசு அந்த ஃபோல்டர்ல இல்லக்கா. நேத்து கிளீன் குடுத்து அழிச்சது நான்தான்."