பதின்மூன்று அடுக்கு

"எங்க போயிருந்தீங்க?"

"கௌஸ் பாயோட வண்டியில போயிட்டு வந்தேன்."

"எல்லாம்..."

"முடிஞ்சுது பானு. நீ ஒண்ணும் யோசிக்காத. இட்லி சாப்பிட்டியா?"

"ஒண்ணு."

ஷார்ஜாவில் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நடந்த இந்தப் பேச்சுக்கு ஒன்றரை வருஷமாகிறது. அன்று அன்பரசனின் ஷூவில் மணல் ஒட்டியிருந்தது. உயிரில்லாமல் பிறந்த மகளை எங்கே புதைத்தார்கள் என்று பானுமதி கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. பெற்றவள் அந்த இடத்துக்குப் போகக் கூடாது, போனால் அடுத்தது தங்காது என்று பாபநாசத்திலிருந்து அவள் அம்மா போனில் சொல்லியிருந்தாள்.

பானுமதி வீடு திரும்பியபோது தொட்டில் இல்லை. சின்னச் சட்டைகளும், மாமியார் கொடுத்தனுப்பிய தலையாட்டி பொம்மையும் இல்லை. தொட்டில் இருந்த இடத்தில் அயர்ன் பண்ணும் மேஜை நின்றது. அவள் கண்ணில் எதுவும் படக் கூடாது என்று அன்பரசன் ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் அப்புறப்படுத்தியிருந்தான். நல்ல மனசோடுதான் செய்தான். அது அவளுக்குத் தெரியும்.

பிறகு அவள் சமைத்தாள், துவைத்தாள், பால்கனியில் படியும் தூசியைத் துடைத்தாள். அழுகை வரவில்லை. வேறு எதுவும் வரவில்லை. அவனிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று இருந்தது. காலையில் டிபன் டப்பாவைக் கையில் கொடுக்கும்போது கேட்டுவிடலாம் என்று நினைப்பாள். அதற்குள் லிஃப்ட் வந்துவிடும்.

அன்பரசனுக்கு இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு மாடல் பட்டறையில் வேலை. அது 2006. துபாயில் ஒவ்வொரு டவரும் எழும்புவதற்கு முன்பு, கண்ணாடிப் பெட்டிக்குள் மேஜைமேல் ஒருமுறை எழும்பிவிடும். அந்த மேஜை டவர்களைச் செய்கிறவர்களில் அவன் ஒருவன். அந்த மாதம் வந்த ஆர்டர் வேறு மாதிரி. சுற்றுலாக் கண்காட்சிக்காகச் சீனாவின் சியான் நகரத்துப் பழைய புத்த கோபுரங்கள் இரண்டு வேண்டும், பக்கத்தில் விளக்கப் பலகையும் வேண்டும்.

"நீ ஹிஸ்டரி படிச்சவதானே. போர்டுக்கு எழுதிக் குடு" என்று காகிதக் கட்டைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தான்.

பத்து நாள் படித்தாள். கும்பகோணம் காலேஜில் யுவான் சுவாங்கைப் பற்றி எழுதிப் பதினான்கு மார்க் வாங்கியிருக்கிறாள். அவர் இந்தியாவிலிருந்து சுமந்துபோன சுவடிகளைப் பத்திரப்படுத்தத்தான் பெரிய கோபுரம் கட்டினார்களாம். முதலில் ஐந்து அடுக்கு. ஒரு மகாராணி காலத்தில் அது வளர்ந்தது. இப்போது ஏழு அடுக்கு, கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. சின்னது ஐம்பது வருஷம் பிந்தியது. சதுரமான செங்கல் கோபுரம், நெருக்கமான பதினைந்து அடுக்கு, மேலே போகப் போக மெலியும். ஒரு பூகம்பத்தில் உச்சியிலிருந்து அடிவரைக்கும் ஓரடி அகலத்துக்குப் பிளந்து, முப்பத்து நாலு வருஷம் கழித்து இன்னொரு பூகம்பத்தில் தானாக ஒட்டிக்கொண்டதாகச் சொல்கிறார்கள். பின்னால், இன்றைக்கு நானூற்றைம்பது வருஷம் முன்பு, இன்னொரு முறை ஆடியபோது மேல் இரண்டு அடுக்கும் விழுந்துவிட்டன. ஆனாலும் சாயவில்லை. அடியில் மண்ணை இடித்து உருண்டையாக அஸ்திவாரம் போட்டிருக்கிறார்கள், தலையாட்டி பொம்மைக்கு இருக்குமே, அந்த மாதிரி.

அந்த வரியில் மட்டும் அவள் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு எழுதி முடித்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பலகைகளைப் பொருத்திப் பார்க்க அவளையும் பட்டறைக்கு அழைத்துப் போனான். வேறு யாரும் டூட்டியில் இல்லை. மாடல்களை ஏற்றிப் போகிற பிக்கப்பின் சொந்தக்காரர் கௌஸ் முகைதீன் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அதிராம்பட்டினத்துக்காரர்.

"வாம்மா. எங்க ஊர்ப் பக்கம் மனோரா கோபுரம் இருக்குல்ல, அதுக்கு ஒண்ணுவிட்ட சித்தப்பா மாதிரி இருக்கு இது" என்றார்.

பானுமதி சின்னக் கோபுரத்தின் முன் நின்றாள். அவள் இடுப்பு உயரம். ஒவ்வொரு செங்கல் வரிசையையும் கீறியிருந்தான். ஒரு விரலால் அடுக்குகளை எண்ணிக்கொண்டே மேலே போனாள்.

"பதினஞ்சு இருக்கு."

"ஆமா. பதினஞ்சுதானே கட்டினான்."

"கட்டினப்ப பதினஞ்சு. இப்ப பதிமூணு. இருக்கிறபடி வேணும்னுதானே கேட்டாங்க? நான் எழுதினதப் படிக்கலையா?"

"ஸ்பெல்லிங் பார்த்தேன்." கழுத்தைச் சொறிந்துகொண்டான். "போட்டோவுல உச்சி உடைஞ்சு கிடந்துச்சு. கோபுரத்தை எப்படி மூளியா வைக்கிறது? அதான் முடிச்சு, கலசமும் வச்சுட்டேன்."

கௌஸ் பாய் எழுந்து வந்து பார்த்தார். "அட, கலசச் செம்பேதான். சீனாக்காரனுக்குக் கும்பாபிஷேகமே பண்ணிவிட்டுட்டியேப்பா. அர்ச்சனைச் சீட்டு எங்க?"

அன்பரசன் சிரிக்கவில்லை. பானுமதியின் உதடு லேசாக அசைந்தது. அவரே சிரித்துக்கொண்டு தொப்பியை எடுத்து மாட்டினார். "ஜும்மாவுக்கு நேரமாச்சு. ரெண்டு மணிக்கு வண்டி வரும். அதுக்குள்ள சாமியை இறக்கி வைங்க."

அவர் போனபின் அன்பரசன் ரம்பத்தை எடுத்தான். உச்சியருகே கொண்டுபோய் நிறுத்தினான்.

"ஏன் உடைஞ்சிருக்குன்னு பாக்கிறவன் கேப்பான் பானு."

"அதுக்குத்தான் போர்டு எழுதியிருக்கேன்."

"அவங்க ஏன் திரும்பக் கட்டலை?"

"தெரியல. நாப்பது வருஷத்துக்கு முன்னாடி ரிப்பேர் பண்ணியிருக்காங்க. செவரெல்லாம் சரி பண்ணிட்டு, உச்சிய மட்டும் அப்படியே விட்டுட்டாங்க."

"நானூறு வருஷத்துக்கு மேலயா அப்படியே நிக்குது?"

"ம். விழுந்தது எல்லாருக்கும் தெரியற மாதிரி."

அவன் அறுத்தான். மெதுவாக, நூல் பிடித்த மாதிரி நேராக. பிறகு இடுக்கியால் அந்த விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து, போட்டோவில் இருப்பதுபோல் கரடுமுரடாக்கினான். இரண்டு அடுக்கும் கலசமும் அவன் உள்ளங்கைக்குள் அடங்கின. பழக்கத்தில் குப்பைத் தொட்டிப் பக்கம் திரும்பினான். திரும்பியவன் அங்கேயே நின்றான்.

"எல்லாத்தையும் அன்னைக்கே எடுத்துட்டேன்" என்றான், தொட்டியைப் பார்த்தபடி. "நீ வர்றதுக்குள்ள."

"தெரியும்."

"நீ பார்க்க வேணாம்னு."

"தெரியும்ங்க."

துண்டைக் கொண்டுவந்து மேஜைமேல், அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தான். அவள் அதைத் தொடவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றே கால்.

"மாடலை இறக்கி வச்சிட்டு கௌஸ் பாய் சும்மாதானே இருப்பாரு?"

"ஆமா. ஏன்?"

"அவருக்கு வழி தெரியும்."

அன்பரசன் நிமிர்ந்தான். அவன் மீசையில் மரத்தூள் ஒட்டியிருந்தது. அம்மா போனில் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. வரட்டும் என்று விட்டாள்.

"என்னை அவகிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றாள்.